விட்டுக்கொடுக்கப் பழகிய கை

பல்கலைக்கழக விடுதி அலுவலகத்துத் தொலைபேசியில் என் நண்பன் அன்வரின் அண்ணன்.

"தம்பி, அன்வர் மவுத்தாயிட்டான். மஞ்சக்காமாலைன்னு முந்தாநேத்துத்தான் தெரிஞ்சுது. அடக்கம் பண்ணியாச்சு."

"சரிங்க" என்றேன்.

உங்களில் சிலர் அவனோடு ஆடியிருப்பீர்கள். சென்னையில் ஒரு கிளப்பில் அவன் ஸ்குவாஷ் மார்க்கர். சுவரில் பந்தடித்து உறுப்பினர்களோடு ஆடுவது வேலை. அவர்கள் எட்டி அடிக்கும் தூரத்தில் பந்தைப் போட வேண்டும். கடைசியில் தோற்க வேண்டும்.

"தோக்கறதுக்குத்தான்டா சம்பளம்" என்பான். "ஆனா தோக்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாது."

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் பம்பாயில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி. இறுதிக்குப் போனால் வெளிநாட்டில் ஆட அழைப்பு வரும். அரையிறுதியில் அவன் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி. எதிராளி ஒரு மூலையில் தடுமாறி நின்றான். மறு மூலை காலி. அன்வரின் கை பந்தை எதிராளியின் மட்டைக்கே அனுப்பியது. அதன்பின் ஆட்டம் அவனுடையதாக இல்லை.

சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கியதும், அழைக்கப் போன என்னிடம் சொன்னான்: "நான் குடுக்கலடா. கை குடுத்துருச்சு." நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வேலையை விட்டான். தருமபுரிக்குத் திரும்பினான். அண்ணனின் புளிக் கிடங்கு காலியாக இருந்த மாதங்கள். அதன் சுவரில் தனியாக அடித்தான், தினமும். கைக்கு அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க வேண்டும். அடுத்த பம்பாய்ப் போட்டிக்குள்.

பொங்கல் விடுமுறையில் போனேன். பழைய மட்டை ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"வாடா, ஒரு கேம். நான் ஒரு பாயின்ட் விட்டுக்குடுத்தாலும் செருப்பால அடி."

நான் மட்டை பிடித்ததே அன்றுதான். மூன்று புள்ளிகள் எடுத்தேன். மூன்று முறையும் பந்து அவனைத் தாண்டிப் போனது. அவன் நின்று பார்த்தான்.

"மார்க்கர் புத்தி போகல பாரு" என்றேன்.

"இல்லடா. சத்தியமா."

"என்கிட்டயே பொய்யா?"

குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கிடங்கில் வெளிச்சம் போதாது. அவன் கண்களின் நிறத்தை நான் பார்க்கவில்லை. கேலியில் எனக்கு அத்தனை திருப்தி. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். பத்தாம் நாள் அண்ணனின் குரல்.

இப்போது தெரிகிறது. கை திருந்திவிட்டது. அந்தப் பந்துகளை அவன் விடவில்லை. அவனுக்கு எட்டவில்லை.

அவனுடையதாக என்னிடம் இருப்பவை அந்த மூன்று புள்ளிகள். அவன் கொடுக்காதவை. நான் வெல்லாதவை.