மலையாண்டி திருப்பிய முள்

செம்பாறைப்பட்டிக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது ஐம்பத்தாறாம் வருஷம். அதனோடு சேர்ந்து வந்ததுதான் மலையாண்டியின் மிடுக்கு. எட்டாம் வகுப்பு வரை படித்தவன், இங்கிலீஷ் எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசிப்பான், போதாததற்குப் பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பனுக்குத் தூரத்துச் சொந்தம். இந்த மூன்று தகுதியும் ஊரில் வேறு யாருக்கும் ஒருசேர வாய்க்காததால் ரேடியோ அறையின் சாவி அவன் அரைஞாண் கயிற்றில் ஏறியது. அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. சாவி ஆடுவது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே வேட்டியைச் சற்று இறக்கிக் கட்டுகிறான் என்று டீக்கடை சேவுகன் சொல்வான். அது முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை.

ஊருக்குக் கரண்டு வர இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது. ரேடியோ பேட்டரியில் ஓடியது. மாதம் ஒருதரம் புதுக்கோட்டையிலிருந்து ஜீப்பில் மெக்கானிக் வந்து புதுப் பேட்டரி மாட்டிவிட்டுப் போவார். அது அடுத்த ஜீப் வரும் வரை தாங்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடவிடலாம். சாயங்காலம் ஆறரைக்குத் திறந்தால் எட்டரைக்குப் பூட்டிவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் எதைக் கேட்பது என்று ஊருக்குள் தினமும் ஒரு சண்டை. தலைவருக்கு டெல்லிச் செய்தி வேண்டும். இளவட்டங்களுக்குக் கொழும்பிலிருந்து வரும் சினிமாப் பாட்டு. வெற்றிலை மெல்லும் பெருசுகளுக்கு, யாராவது யாரையாவது விஷம் வைத்துக் கொல்லும் நாடகம்.

யாருக்குமே வேண்டாதது ஒன்று இருந்தது. அது ஆறரை மணிக்குத் திருச்சி நிலையத்திலிருந்து வந்த கிராம நிகழ்ச்சி. பகலெல்லாம் காட்டில் கிடந்துவிட்டு வந்து உட்கார்ந்தவனிடம் எருக்குழி வெட்டுவதைப் பற்றிப் பேசினால் அவன் என்னதான் செய்வான்? ஆனாலும் சர்க்கார் ரேடியோ கொடுத்ததே அதற்குத்தான் என்பதால், மலையாண்டி கடமைக்கு அதைப் போட்டுவிட்டு, "திருப்புப்பா மலையாண்டி" என்று முதல் குரல் எழும் வரை காத்திருப்பான். எழுந்ததும் ரேடியோ முள் திருச்சியை விட்டுக் கொழும்புக்குக் கடல் தாண்டிவிடும்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு யாரும் குரல் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. செங்கமலம் கிணற்றுக்கு வந்தால் போதும், முள் தானாகத் திரும்பியது.

செங்கமலம், தகப்பனில்லாத பெண். தாயார் காத்தாயிக்கு மூட்டுவலி. ஆகவே இருக்கிற கடலைக் காட்டில் ஏர்பிடிக்க ஆள் விடுவதிலிருந்து களத்தில் காய வைப்பது வரை எல்லாம் இவள்தான். பஞ்சாயத்துக் கிணறு ரேடியோ அறைக்கு எதிரே இருந்தது. அறைக்கு முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது பெண்கள் வந்து நின்று ரேடியோ கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. குடத்தோடு வந்தால் கதை வேறு. குடம் நிறையும் வரை கேட்டுக்கொள்ளலாம், அதை யாரும் தப்பென்று சொல்ல முடியாது.

செங்கமலத்தின் குடம் மட்டும் நிறையவே நிறையாது. ஆறரை மணிக்கு வருவாள். புளியும் சாம்பலும் போட்டுக் குடத்தைத் தேய்ப்பாள். கழுவுவாள். இறைத்து ஊற்றுவாள். என்ன குறை கண்டாளோ, கவிழ்த்துவிட்டு மறுபடி தேய்ப்பாள். இதை அறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மலையாண்டி ஒரு முடிவுக்கு வந்தான். இந்தப் பெண்ணுக்குப் பாட்டென்றால் உயிர். பாட்டுப் போடுகிறவன் மேலும் கொஞ்சம் பிரியம் இருக்கலாம். அதற்கப்புறம் அவள் தலை தெருமுனையில் தெரிந்ததுமே, உரம் பூச்சி என்று பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நிற்க, பாட்டு கிளம்பிவிடும். அவள் நிமிர்ந்து சன்னலைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே அவன் பகல் முழுவதையும் தள்ளினான். பார்வையில் என்ன இருந்தது என்று ஆராயும் நிலையில் அவன் இல்லை.

ஐம்பத்தெட்டில் ஆவணி பிறந்ததும் தன் அக்காள் அழகியைப் பெண் கேட்டு அனுப்பினான். அழகி அதே ஊரில் வாக்கப்பட்டவள், வாய்க்காரி. போன காரியம் முடியாமல் திரும்பியதே இல்லை. அன்றைக்குத்தான் முதல்தடவை முகம் தொங்கிப்போய் வந்து சேர்ந்தாள்.

"ஏன்டா, அந்தப் புள்ளைய நீ என்னடா பண்ணுனே?"

"நான் என்னக்கா பண்ணுனேன்? பாட்டுத்தான் போட்டேன்."

"அதத்தான் அவளும் சொல்றா. 'ஒங்க தம்பிக்கு எம்மேல என்ன கோவம்? எந் தலையக் கண்டாலே முள்ளத் திருப்பிருறாரு. ஆடியில கம்பளிப்புழுவுக்கு வைத்தியம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. காட்டச் சுத்திக் குழி வெட்டுங்கன்னாங்க. எம்புட்டு ஆழம்னு சொல்லப் போகையில பாட்டப் போட்டுட்டாரு. நானா ஒரு சாண் வெட்டுனேன். புழு அதுல எறங்கி இங்கிட்டு ஏறி வந்துருச்சு. மேக்காலத் துண்டு பூராம் மொட்டை. அவருக்கா என்னைய வாக்கப்படச் சொல்றீங்க'ன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"பின்ன எதுக்குக் கொடத்த அந்தத் தேய்ப்புத் தேய்ச்சா?"

"மறுபடி அதத் திருப்புவியான்னு காத்துக்கிட்டு நின்னுருக்காடா, கூமுட்டை!"

அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண் கிடைக்கவில்லை என்பது ஒரு பக்கம். ஒரு வருஷமாகச் சன்னல் வழியே தான் சிரித்த சிரிப்பெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அதைவிட மொட்டையாய்ப் போன மேற்குத் துண்டு. விடிந்ததும் பொன்னமராவதிக்கு நடந்துபோய்ச் சேறு மாதிரி மை கொட்டும் தபாலாபீஸ் பேனாவால் திருச்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டான். கம்பளிப்புழுப் பேச்சை மறுபடி ஒருதரம் சொல்ல வேண்டும் என்பது விண்ணப்பம். ஏன் என்று கேட்பார்களோ என்று பயந்து காரணத்தையும் ஒளிக்காமல் எழுதிவிட்டான்.

நேயர் கடிதத்துக்கு என்றைக்குப் பதில் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே மறுநாளிலிருந்து கிராம நிகழ்ச்சி முழுசாக ஓடியது. கூட்டம் கத்தியது. மலையாண்டி அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டான். "அவனுக்குப் பெண் கொடுக்கலைன்னா நம்ம என்ன பாவம் பண்ணுனோம்?" என்று சேவுகன் தலைவரிடம் முறையிட்டான். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, ஏழேகால் செய்திக்கு மட்டும் பங்கம் வரக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

செங்கமலமும் வந்தாள். முதல் நாள் தெருமுனையில் நின்று, எப்போது பாட்டு வெடிக்கும் என்று காத்திருந்துவிட்டு, வெடிக்காததைக் கண்டு மெதுவாக வந்தாள். நிகழ்ச்சி முடிகிற வரை ஒரே குடத்தைத் தேய்த்தாள். முடிந்து பாட்டு ஆரம்பித்ததும் சட்டென்று நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு போயே போய்விட்டாள். பாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மலையாண்டிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் முள்ளைத் தொடவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. ஜீப் வர இன்னும் மூன்று நாள் இருந்தது, பேட்டரியோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அன்று கொழும்பில் புதுப்படப் பாட்டுகள் என்று ஏற்கெனவே அறிவித்திருந்ததால் சுற்றுப்பட்டிக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இருக்குற உசுரப் பாட்டுக்கு வையிப்பா. ஒன் எருக்குழிய நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்றான் சேவுகன்.

நியாயமான பேச்சுதான். மலையாண்டி தயங்கினான். கிணற்றடியில் நீர் இறைக்கிற சகடை கிறீச்சிட்டது. அவன் முள்ளைத் திருச்சியில் வைத்தான்.

மாடு கன்று என்று ஏதோ பேசிய பிறகு அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். "அடுத்ததாக, பொன்னமராவதிக்கு அருகே செம்பாறைப்பட்டியிலிருந்து நேயர் மலையாண்டி எழுதுகிறார்." கத்திக்கொண்டிருந்த கூட்டம் வாயடைத்துப் போயிற்று. ரேடியோவுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் தெரியும் என்று யாரும் நினைத்ததே இல்லை. குரல் நிதானமாக வாசித்தது. "எங்கள் ஊரில் ஒரு பெண் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்பதற்காகவே கிணற்றுக்கு வருவது வழக்கம். அவருக்குப் பாட்டுதான் பிடிக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, தாங்கள் கம்பளிப்புழுவைப் பற்றிப் பேசும்போது பாதியில் திருப்பிவிட்டேன். அதனால் அவருடைய கடலை அழிந்தது. குற்றம் என்னுடையது. தயவுசெய்து குழியின் ஆழத்தைச் சொல்லவும்."

முழுசாக வாசிப்பார்கள் என்று மலையாண்டி கனவிலும் நினைக்கவில்லை. வெளியே சிரிப்பு எழுந்தது பாருங்கள், சேவுகன் விழுந்து புரண்டான். தலைவரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மலையாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் விவசாய அதிகாரி பதில் சொல்லத் தொடங்கினார், அந்த நேரம் பார்த்துத்தான் பேட்டரியும் இறங்கியது. வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் குரல் கொசு ரீங்காரமாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. ரேடியோப் பெட்டியில் காதை வைத்தால் மட்டும் ஏதோ முனகல் இருந்தது.

"தெறங்க" என்று கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

தாழை நீக்கினான். செங்கமலம் நின்றாள். குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களுக்கும் நடுவே நடந்து வந்திருந்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே வந்து, பெட்டியின் ஒரு பக்கம் காதை வைத்தாள். மலையாண்டி என்ன செய்வதென்று தெரியாமல் மறுபக்கம் காதை வைத்தான். சாம்பலும் புளியும் மணத்தன. அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"...குழி ஒரு முழ ஆழம். வயல் பக்கத்துச் சுவர் செங்குத்தாக... அறுவடைக்குப் பிறகு ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கும் புழுக்கூடு மேலே வரும், காக்கை கொத்தி..."

அத்தோடு பேட்டரி செத்தது.

"ஒரு முழம்னுதான சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு முழந்தான். செங்குத்தா" என்றான் மலையாண்டி.

அவள் தலையை ஆட்டினாள். வாசல் வரை போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடலை புடுங்குனதும் ஒங்க அக்காவ இன்னொரு தரம் வரச் சொல்லுங்க. வர்றப்ப, ஆழ உழுகுறதுக்கு ஒங்க வீட்டு மாட்டையும் கேட்டேன்னு சொல்லுங்க."

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று புதுப்பாட்டு கேட்காமலே கூட்டம் கலைந்தது, அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மலையாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அரைஞாணில் சாவி இல்லை. அது மறுநாள் காலை வரை ரேடியோ அறைக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.