கிருபாசனத் தண்டை

செவ்வாய்க்கிழமை காலை கொரட்டூர் பம்படியில் குடத்தை வைத்துவிட்டு என் முறைக்காக நின்றிருந்தேன். அப்போது நம் கோவில் வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கும் சத்தம் கேட்டது. ஆராதனைக்கு அடிப்பதுபோல் கணகணவென்று அல்ல. ஒன்று அடித்து, நிறுத்தி, வெகுநேரம் கழித்து மறுபடியும் ஒன்று. வரிசையில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, உங்க கோயிலாண்டதான கேக்குது?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். மழைக்காலம் தொட்டு எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்த அடி என்றால் வலிக்காதா என்ன?

நம் பாஸ்டர் சத்தியதாஸ் ஐயா போய்விட்டார்.

சபையாரே, அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத நம்மில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்த ஐந்தையும் அரைகுறை இல்லாமல் படித்தவள். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் என் பேத்தி, "நீ சொல்லு ஆயா, நான் எழுதுறேன்" என்றாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேதப் பரீட்சையில் மூன்று சபைக்கும் முதலாக வந்த பெண். இருந்தாலும் வேண்டாம் என்றேன். ஐயாவைப் பற்றி என் கையால்தான் எழுத வேண்டும். ஏன் என்று பின்னால் தெரியும்.

அவர் நம்மிடம் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் மூன்று சபைக்கும் அவர் ஒருவரே. இருந்தது ஒரு சைக்கிள். ஞாயிறு விடிந்ததும் ஆவடியில் ஆராதனை, பிறகு அம்பத்தூர், வெயில் ஏறி நிற்கும்போது நம் கொரட்டூர். பேண்ட் காலில் சங்கிலி மை அப்பியிருக்கும், தொண்டை கட்டியிருக்கும். நல்ல குரலிலேயே அவருக்குப் பாட்டு வராது. கட்டிய குரலில் பாட ஆரம்பித்தால் வெளியே படுத்திருக்கும் நாய் எழுந்து போய்விடும்.

"ஆவடிக்காரங்களுக்கு மேலாக எடுத்து ஊத்திட்டேன், உங்களுக்கு அடிச்சட்டிக் குழம்புதான். ஆனா ருசி அதுலதான்" என்று சிரித்துக்கொண்டே வேதத்தைத் திறப்பார்.

அந்த நாளில் நம் சபையில் இரண்டு தினுசு ஆட்கள் இருந்தோம். வேலைக்காகத் தெற்கே இருந்து வந்தவர்கள், மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அவர்கள் வாயைத் திறந்தால் ஜெபம் தண்ணீர் மாதிரி ஓடும். இன்னொரு பக்கம், ஏரிக்குக் கீழே கழனி வேலை செய்துகொண்டிருந்து, என் தகப்பனார் காலத்தில் விசுவாசத்துக்கு வந்த எங்களைப் போன்றவர்கள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து ஆமென் மட்டும் சொல்வோம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா வீட்டில் ஜெபக்கூட்டம். டீச்சரம்மாவை உங்களுக்குத் தெரியும், பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்தவர். ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். முன்னால் ஜெபித்த எல்லோருமே 'உமது கிருபாசனத்தண்டை வருகிறோம்' என்றுதான் ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்காகக் கேட்ட வார்த்தைதான். நான் அதைக் காலில் போடுகிற தண்டை என்றே நினைத்திருந்தேன். ஆண்டவரிடம் ஏதோ ஒரு தண்டை இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் பெரியவர்கள் போகிறார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. என் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பிதாவே, எல்லாரும் உம்முடைய கிருபாசனத் தண்டையைக் கேக்குறாங்க. எனக்குப் பெரிசா வேணாம். பழசா இருந்தாலும் போதும், ஒண்ணு குடும்" என்றேன்.

யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு.

"ஏட்டி மார்த்தா, தண்டை மட்டும் போதுமா? ஒட்டியாணமும் சேத்துக் கேட்டிருக்கலாம்லா?" என்றார் டீச்சரம்மா.

நானும் கூடவே சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. அடுத்த வாரம் எனக்குத் தண்டைக்காரி என்று பெயர் வந்துவிட்டது. பெயரைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் வாய் அடைத்துப்போனதுதான் பெரிய இழப்பு. கூட்டத்தில் மட்டும் அல்ல, வீட்டில் தனியாக முழங்கால் போட்டாலும் வார்த்தை வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தப்பாக இருக்குமோ என்ற பயம். ஆண்டவரும் மூக்கால் சிரிப்பாரோ என்ற பயம்.

சில மாதம் கழித்து ஐயா சைக்கிளை எங்கள் வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, ஆண்டவரோட டூ உட்டுட்டீங்களாமே?"

என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. "தப்பாப் பேசறதுக்குப் பேசாமலே இருந்துடலாம் ஐயா" என்றேன்.

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல், "வெத்தலபாக்குக் கடை எங்க கீது?" என்று கேட்டார்.

"ஸ்டேஷனாண்ட கீது. வெத்தல வாங்கியாரவா?"

"கடை எங்க கீதுன்னு சொன்னீங்க?"

"ஸ்டேஷனாண்ட. பக்கத்துலதான் ஐயா, இன்னா இப்படிக் கேக்குறீங்க?"

"அதாம்மா அது. அண்டைன்னா பக்கம். கிருபாசனத்தண்டைன்னா கிருபாசனத்தாண்ட, ஆண்டவரோட சிம்மாசனத்தாண்ட. தெக்கத்திக்காரங்களுக்கு அது வேதத்துல படிச்ச பாஷை. நீங்க பொறந்ததுலருந்து ஊட்டாண்ட, கடையாண்ட, கோயிலாண்டன்னு அதையேதான் பேசிக்கினு கீறீங்க. உங்க வார்த்தைய வெச்சுக்கினு நீங்களே பயப்படலாமா?"

அவர் குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கிருபாசனத்தாண்ட என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த பிரசங்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "நடை பழகுற பிள்ளைக்குத் தண்டை போடுறது அழகுக்கு மட்டும் இல்லை. அடுப்படியில் இருக்கிற தாய்க்குப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று சத்தம் சொல்லும். சத்தம் நின்றால்தான் அவள் பதறுவாள். விசுவாசத்தில் வளருவது என்றால் ஓட்டப்பந்தயம் ஓடுவது இல்லை. விழுந்தாலும் எழுந்தாலும் தண்டைச் சத்தம் நிற்காமல் நடப்பது. தப்பாகப் பேசுகிற பிள்ளையை எந்தத் தகப்பனும் தள்ளிவைத்தது இல்லை" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே என் பட்டப்பெயரைச் சபைக்கே பொதுவாக்கிவிட்டார். கடைசியில் சிரித்துக்கொண்டு, "ஆண்டவர் என்றால் யார்? நம்மாண்ட இருக்கிறவர்" என்றார்.

வாசலில் டீச்சரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அது இலக்கணப்படி தப்புல்லா?"

"இலக்கணப்படி தப்புதான் டீச்சரம்மா. அனுபவப்படி சரி."

டீச்சரம்மா என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தார். அந்தக் கை இன்றுவரை என்னை விடவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் படுத்தார். வார்ப்படக் கம்பெனிப் புகையில் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. நான் ஜெபித்தேன். என் பாஷையில், வாய் ஓயாமல். அவர் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் ஐயா வந்து, வேதத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டேனே ஐயா. ஏன் குடுக்கல?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவர், "எனக்குத் தெரியலம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. எழுந்து போகும்போது, "கோவமா இருந்தா கோவமாப் பேசுங்க. திட்டணும்னா திட்டுங்க. சத்தத்த மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அவர் போன பிறகு டீச்சரம்மா கஞ்சிச் சட்டியோடு வந்து, "ஏட்டி, ஒரு வாய் குடி" என்று ஊட்டிவிட்டார். ஆண்டவரை நான் அன்று திட்டித்தான் ஜெபித்தேன். அந்தத் திட்டுதான் என்னைச் சபையில் நிறுத்தி வைத்தது.

போன மழைக்காலத்தில் அம்பத்தூர் ஆராதனை முடிந்து வரும் வழியில் ஐயா சைக்கிளோடு விழுந்தார். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஊரெல்லாம் 'பேசு, பேசு' என்று சொன்ன மனிதருக்கு ஒரு வார்த்தை இல்லை.

மூன்று சபையாரும் போய்ப் பார்த்தோம். பெரிய பெரிய வார்த்தைகளில் ஜெபித்தோம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "யார் ஜெபிச்சாலும் அழறாரு மார்த்தாம்மா. அவரால ஜெபிக்க முடியலயேன்னு நெனைக்கிறாருபோல. நீங்க வந்து பேசுங்க" என்றார்.

இரும்புக் கட்டிலில் ஐயா கிடந்தார். அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் அறிவேன். அது என் பயம். வார்த்தை இல்லாவிட்டால் ஆண்டவருக்குக் கேட்காதோ என்கிற பயம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. ஐயாவைப் பார்த்துக்கொண்டே ஆண்டவரிடம் பேசினேன்.

"இன்னா ஆண்டவரே இது? உன் புள்ள இப்படிப் படுத்துக்கினு கீறாரே, உனக்குக் கண்ணு தெரிலயா? எங்க எல்லாருக்கும் பேசக் கத்துக்குடுத்துட்டு இவரு வாயடைச்சுப் போயி கெடக்கறாரு. இவரால வர முடியாது. சைக்கிளும் ஒடஞ்சு போச்சு. நீதான் எழுந்து இவராண்ட வரணும். சீக்கிரம் வா."

சொல்லி முடித்தேன். அப்புறம் ஒரு சத்தம். ஐயாவின் உயிருள்ள இடது கால் மெல்ல அசைந்து கட்டில் கம்பியில் இடித்தது. ணங். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் ணங். அவர் மனைவி கால் வலிக்கிறதோ என்று ஓடி வந்தார். நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் சிரித்துக்கொண்டிருந்தது. அது தண்டைச் சத்தம் என்று எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

அதன்பிறகு யார் ஜெபித்தாலும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை என்று அவர் மனைவி சொன்னார். ஆமெனுக்குப் பதிலாகக் கால் இடிக்கும். திங்கட்கிழமை ராத்திரி இடிக்கவில்லை.

எழுதி முடித்ததைப் பேத்தியிடம் காட்டினேன். 'ஆண்ட' என்று வந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, "இது பேச்சு வழக்கு ஆயா, எழுத்துல வரக்கூடாது" என்றாள். நான் வட்டங்களை எல்லாம் அழித்துவிட்டேன். அச்சுப் போடுகிறவர்களும் அதைத் திருத்த வேண்டாம். ஐயாவிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அது முதலிலேயே என்னுடையதுதான். என்னுடையது என்று எனக்குக் காட்டியவர் அவர்.

நேற்றுக் காலையும் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, எங்க ஐயா இப்ப உன்னாண்டதான் கீறாரு. அவருக்குப் பாட்டு வராது. பாடச் சொல்லாத. பேசச் சொல்லு."

மார்த்தாள்
கொரட்டூர் சபை