விபூதி தேய்த்த மைக்கூடு

ஆக்லாந்தில் பழைய வெள்ளிச் சாமானைக் கையில் எடுப்பவர்கள் எத்தனை கிராம் என்று கேட்பதில்லை. கவிழ்த்து, யார் செய்தது என்று பார்க்கிறார்கள். மதுரையில் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் கடைக்காரரோடு மல்லுக்கு நின்ற எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இங்கே மொத்த விலையுமே செய்கூலிதான். அதிலும் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் காலத்துப் பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன், இயந்திரச் சாமான்களை வெறுத்தவர்கள் கையால் அடித்துச் செய்த வெள்ளி அது. சுத்தியல் பட்ட குழிகளை மறைக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். பக்குரங்கா பக்கம் ஒருவர் வீட்டு கராஜில் பழைய சாமான்களைப் பரப்பி விற்ற ஒரு கராஜ் சேலில் காகிதம் வெட்டும் கத்தி ஒன்று வாங்கினேன், பிறகு ஒரு பேனாத் தட்டு. அத்தோடு பைத்தியம் முற்றிவிட்டது.

இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவள் ஹெலன். ஆல்பனி அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்ட என் எதிரில் வந்து உட்கார்ந்த முதல் ஆள். அவளுடைய அப்பா சென்ற வருஷம் இறந்துபோனார். அவருடைய வெள்ளி மைக்கூட்டின் அடியில் இருக்கும் முத்திரை யாருடையது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வாரம் கொடுத்துவைத்தாள்.

அந்த வாரம் சரஸ்வதி பூஜை. எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் புத்தகங்களோடு மைக்கூட்டையும் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

"பூஜையில வைக்கிற வெள்ளி இப்படியா கருத்துக் கிடக்கும்?" என்றாள் என் மனைவி மங்கை.

விபூதி போட்டு இருவரும் தேய்த்தோம். உள்ளே காய்ந்திருந்த மையை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். குழிகளில் படிந்த கருப்புதான் பழமைக்கு அடையாளம், அதைத் தொடக் கூடாது என்று சேகரிப்பவனான எனக்குத் தெரியாதா? பூஜை என்றதும் புத்தி மதுரைக்குப் போய்விட்டது. பளபளவென்று ஆனதும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தோம்.

சுண்டலுக்கு அழைத்திருந்த ஹெலன் மாலையில் வந்தாள். சிவப்புப் பொட்டைப் பார்த்து விற்றுவிட்டாயா என்று பதறினாள். இங்கே கண்காட்சியில் விற்றுப்போனதற்கு அதுதான் அடையாளம். விளக்கினேன். சோறு போடும் கருவிகளை வருஷத்தில் ஒரு நாள் கும்பிடுவோம் என்றேன். அவள் மூடியைத் திறந்தாள். அந்த மை அப்பா கடைசியாக ஊற்றியது என்று மெல்லச் சொன்னாள். எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று நினைவில்லை. மங்கை குங்குமத்தையாவது எடுத்துவிடலாம் என்று துணியோடு ஓடிவந்தாள்.

"வேண்டாம். இனி யாரும் எதையும் துடைக்க வேண்டாம்" என்றாள் ஹெலன்.

அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருஷ நட்பும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை மைக்கூடு அலுவலகத்தில் அவள் மேஜையில் இருந்தது. அப்பா இருந்தபோது அது தினமும் வேலை செய்தது, இனியும் செய்யட்டும் என்றாள். சுண்டல் நன்றாக இருந்ததாக மங்கையிடம் சொல்லச் சொன்னாள். இந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

அவளுடைய அப்பாவின் கருப்பு போன குழிகளில் மங்கையின் குங்குமம் ஒட்டியிருக்கிறது. தினமும் அந்த மைக்கூட்டைத் தாண்டும்போது என் கை தானாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. ஹெலன் நிமிர்ந்து மார்னிங் என்கிறாள். அதே கையை அசைத்து நானும் மார்னிங் என்கிறேன்.