திருஷ்டி பொம்மை கூட்டி வந்த விருந்தாளிகள்

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதிக்குக் குடிவந்த அன்றே, ஊரிலிருந்து கொண்டுவந்த திருஷ்டி பொம்மையை வாசலில் மாட்டினேன். கோரைப்பல், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை. ஆறு மாதமாகியும் எங்கள் அழைப்பு மணியை ஒருவரும் அழுத்தவில்லை.

அக்டோபர் கடைசி நாள், கணவருக்கு மாலை ஷிஃப்ட். பொழுது சாயுமுன்பே மணி விடாமல் அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தால் எலும்புக்கூடும் ரத்தம் வழியும் முகமும்! திரையை இழுத்து மூடிவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"போலீசைக் கூப்பிடட்டுமாங்க?"

"அடியேய், இன்னிக்கு ஹாலோவீன்! பேய் பொம்மை தொங்குற வீடா பார்த்து பசங்க சாக்லேட் கேட்டு வருவாங்க. நம்ம பொம்மையைப் பார்த்திருப்பாங்க."

வெளியே ஒரு சின்னக் குரல் தன் அம்மாவிடம் சொன்னது: "நோபடி லிவ்ஸ் ஹியர், மம்."

சுருக்கென்றது. கைக்குக் கிடைத்த பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தெருமுனை திரும்பிவிட்டார்கள். அந்த பிஸ்கட்டை நானே தின்றேன்.

இப்போதெல்லாம் அந்த நாளில் பொம்மையைத் துடைத்து, சாக்லேட் தட்டோடு ஐந்து மணிக்கே கதவுக்கு உள்பக்கம் தயாராக நிற்கிறேன். கதவை மட்டும் வேண்டுமென்றே சாத்தி வைக்கிறேன். வருஷத்தில் ஒரு நாளாவது எங்கள் வீட்டு மணி அடிக்க வேண்டாமா?