நிலக்கரிக்குள் இருப்பதெல்லாம்

நிலக்கரியை எரிக்கிறவனைவிட அதைச் சோதிக்கிறவளுக்குத்தான் முகம் சீக்கிரம் கறுக்கும். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், கடலோர மின்நிலையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக எனக்கு இதுதான் வேலை. கப்பலில் வரும் கரியைப் பொடித்து, அதில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பேன். தெரிந்ததைச் சொல்லாமல் சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் என் அவஸ்தை புரியும்.

முதல் கிண்ணம்

வேலைக்குச் சேர்ந்த வாரம், தலைமை இரசாயனவியலாளர் சிவநாதன் ஐயா, "நிலக்கரியில என்ன இருக்கு?" என்று கேட்டார். பட்டம் வாங்கிய திமிரில் "கார்பன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவர் ஒரு கிராம் கரிப்பொடியைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலைக்குள் வைத்தார். சில மணி நேரம் கழித்து எடுத்தபோது கறுப்பே இல்லை. இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தூள் கிடந்தது. களிமண், மணல், இரும்பு, சுண்ணாம்பு. கோடி வருஷத்துக்கு முன்னால் சதுப்பில் விழுந்த மரத்தோடு சேர்ந்து புதைந்த சேறு அது. பாதரசமும் கந்தகமும் புகையோடு போய்விட்டிருந்தன.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரரான ஐயா கிண்ணத்தைத் தராசில் வைத்தபடி சொன்னார்: "பிள்ளை, எரியிறது உலை எரிக்கிற அவையளுக்கு. எரியாமல் மிஞ்சுறதுதான் எங்கட வேலை."

வெள்ளைச் சட்டை

பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா, பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார். தோள்பட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்துப் பார்த்தேன். அக்கம்பக்க வயல்களில் எரிக்கும் வைக்கோலின் கரியாக இருந்தால் பஞ்சுபோல நொறுங்கியிருக்கும். இதுவோ நறநறவென்று இருந்தது, வெயிலில் மினுங்கியது. முந்தின நாள் காற்றில் எங்கள் கரிக்குவியலுக்குத் தண்ணீர் தெளிக்க மறந்திருந்தார்கள்.

"தஞ்சோங் காராங்ல வயலை எரிக்கிறாங்கக்கா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்துவிட்டது. அவர் அப்படியே நம்பி, மறுபடி துவைக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "படிச்ச பொண்ணு சொல்லிருச்சு, அது வைக்கோல் புகைதான்லா!"

மூன்றாவது தடவை

ஒரு கப்பல் கரியில் கந்தகம் எங்கள் வரம்பைத் தாண்டியது. மேலாளர் மறுபடி சோதிக்கச் சொன்னார். அதே எண்தான் வந்தது. "இன்னொரு தடவை பாருங்களேன்" என்றார், மெதுவாக. மூன்றாவது தடவை, குவியலில் பொன்னிறத் துகள் மின்னாத பக்கமாகப் பார்த்து நானே அள்ளி வந்தேன். அந்தத் துகளில்தான் இரும்போடு கந்தகம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எண் இறங்கியது, கையெழுத்துப் போட்டேன், கரி எரிந்தது. அந்தக் கந்தகம் எந்த ஊர் மழையோடு இறங்கியதோ!

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அஸ்மான் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். மலாயில் 'காக்' என்றால் அக்கா, 'போஹோங்' என்றால் பொய். என் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்னான்: "காக், மெஷின் போஹோங் பண்ணாது."

கோயில் திடல்

மழை பெய்தால் எங்கள் எஸ்டேட் கோயில் திடலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். திருவிழாவுக்கு முன் மேடாக்க வேண்டும் என்றார்கள். வெளியே கொடுக்கக் கூடாத உலைச் சாம்பலை, லோரிக்காரரைப் பிடித்து நானே அனுப்பிவைத்தேன். திடல் காய்ந்தது. மேடையில் கூப்பிட்டு மாலை போட்டார்கள்.

சில மாதம் கழித்து, வேறொரு வேலைக்காக அதே சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தபோது ஆர்செனிக் கரைந்து வந்தது. திடலின் மழைத்தண்ணீர் இறங்குவது, அதற்குக் கீழே குடியிருக்கும் முனியம்மா அக்காவின் கீரைப் பாத்தியில். மாலை போட்டவர்களிடம் எப்படிப் போய்ச் சொல்வது? பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்கா வாராவாரம் எனக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டுவருவார். சிரித்து வாங்கிக்கொண்டு, அவர் தெருவைத் தாண்டியதும் குப்பையில் போடுவேன். ஒருநாள் நாய்கள் குப்பைப் பையை இழுத்துப் போட்டிருந்தன. புதுக் கட்டோடு வந்த அக்கா, வாசலில் தன் சிவப்புக் கயிறு அவிழ்க்கப்படாத பழைய கட்டு கிடப்பதைப் பார்த்தார். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதுக் கட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்றே கோயில் கமிட்டியிடமும் மேலாளரிடமும் ஒப்புக்கொண்டேன். திடலிலிருந்து பாத்திக்கு இறங்கும் வாய்க்கால் தண்ணீரில் ஆர்செனிக் வரம்பைத் தாண்டியிருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்கா குடும்பத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை, ஒன்றுமில்லை. பாத்தியை மட்டும் மூடிவிட்டார்கள். லோரிகள் வந்து சாம்பலைத் திரும்ப அள்ளிய நாளில், அத்தனை நாள் என்னோடு பேசாத அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "நீ திங்காதது பரவால்ல, மாலா. நாங்க திங்கிறதை எப்படிப் பாத்துக்கிட்டு இருந்தே?"

நிலக்கரி ஒருநாளும் தன்னிடம் இருப்பதை மறைத்ததில்லை. மறைக்கத்தான் எங்களைப் போன்ற படித்தவர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.