வாந்தி பேதியிலும் விடாத மாத்திரை

ஷமீமின் கத்திரி தோலின் நடுவில் இறங்கியபோதுதான், ஏதோ சரியில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது.

பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியில், டிரிம்மிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். பதமாகி வந்த தோலின் ஓரப் பிசிறைக் கத்திரியால் வெட்டுவதுதான் டிரிம்மிங். எங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பிரஷர். காலை டீ பெல் அடித்தால் எல்லோரும் ஒன்றாக மாத்திரை போடுவோம். யாரும் மறந்துவிடக் கூடாது என்று ஒருவர் வாயை ஒருவர் பார்ப்போம். எங்களுக்கு அது மாத்திரை பெல்.

ஷமீமுக்குச் சர்க்கரை. முந்தின நாளிலிருந்து வாந்தி பேதி வேறு. ஷிப்மெண்ட் அவசரம் என்று வந்திருந்தாள். டீயைக்கூடத் தொடவில்லை.

"மாத்திரை போட்டியாடி?" என்றாள் மேஸ்திரி கஸ்தூரி.

"வாணாம்க்கா. தண்ணி குடிச்சாலே கொமட்டுது."

"ஒரு நாள் கூட விடாதேன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? வாயத் தொற. மாமியார் ஊட்டுறான்னு நெனச்சுக்கோ."

எல்லோரும் சிரித்தோம். ஷமீமும் சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் கத்திரி. சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா, கண்ணு எங்க கீது?"

அவளுக்குப் பேச்சு குழறியது. உடம்பெல்லாம் வேர்வை. பேதியில் தண்ணீர் வற்றிவிட்டது என்று உப்புத் தண்ணீர் கரைத்தோம். ஒருத்தி சர்க்கரை டப்பாவை எடுத்தாள். கஸ்தூரி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"சக்கரைக்காரிக்குச் சக்கரையா? கொன்னுடுவியா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. டாக்டரம்மா சொன்னார்: "பேதியில உடம்பு காஞ்சா கிட்னி மந்தமாயிடும்மா. மருந்து வெளிய போகாம உள்ளயே தங்கி வேலை செய்யும். சாப்பாடும் இல்ல. சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு. மூளைக்கு அதுதானே தீனி? வேர்த்துக் கொட்டினப்பவே, நெனவு இருக்கும்போதே, சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கலாம்."

கஸ்தூரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷமீம் பிழைத்தாள். பழைய ஷமீம் திரும்பி வரவில்லை.

இப்போது அந்த செக்‌ஷனில் பெல் அடித்தால், "சாப்டியா, வயிறு நல்லா கீதா?" என்பதுதான் முதல் கேள்வியாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்வதும் அதுதான். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று படுத்தால், தினமும் போடும் மாத்திரையே ஆனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் எழுதித் தந்த அளவு நல்லா இருக்கிற உடம்புக்கு.

ஷமீமைப் பார்க்க அவ்வப்போது போகிறேன். மகள் ஊட்டினால் சாப்பிடுகிறாள். என் பெயர் அவளுக்கு நினைவில்லை. நான் போகும்போதெல்லாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றைத்தான் கேட்கிறாள்.

"மாத்திரை போட்டியாக்கா?"