அசையாத மைனஸ் பதினெட்டு

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு நான்தான் வெப்சைட் எழுதினேன். இறால் ஏற்றிய குளிர்பெட்டிகளின் வெப்பநிலை அதில் தெரியும். டெமோ அன்று இணைப்பு அறுந்து, திரை முழுக்கச் சிவப்பாக எர்ரர் வந்து மானம் போனது. அதனால் எர்ரர் வந்தால் கடைசியாகக் கிடைத்த அளவையே காட்டும்படி இரண்டு வரிகள் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு.

ஒரு சித்திரை மதியம் அங்கே போனபோது, பெட்டிகளின் பக்கத்தில் செருப்பு வழுக்கியது. ஈரம்.

"அந்தோணி அண்ணே, தண்ணி சொட்டுதே?"

பெட்டிகளைக் கவனிக்கும் அந்தோணி அண்ணன் தன் போன் திரையைத் தட்டிக் காட்டினார். "இன்னாம்மா, நீ போட்டதுதானே? மைனஸ் பதினெட்டு கீது பாரு. இது வந்ததுலேர்ந்து நான் வெயில்ல ரவுண்டே போறதில்ல."

போனை வாங்கிப் பார்த்தேன். எத்தனை முறை பக்கத்தைப் புதுப்பித்தாலும் ஒரு எண்கூட அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் லேப்டாப்பில் அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாக் கட்டமும் சிவப்பு.

அண்ணன் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். காலையிலேயே மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்று, பெட்டிகளோடு அளவெடுக்கும் கருவியும் செத்துக் கிடந்தது. மின்சாரம் திரும்பியபோது இரண்டு பெட்டி இறால் கெட்டுப்போயிருந்தது.

மேனேஜர் வந்ததும் அண்ணன் தலைகுனிந்தார். "நான் பாக்காம வுட்டுட்டேன் சார்."

"இல்ல சார், அவரு பாத்துட்டுதான் இருந்தாரு," என்றேன். "பொய் காட்டினது நான்."

இன்றும் என் பக்கங்களில், தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றுதான் வரும். சிவப்பில், பெரிதாக.